பசுமை மலை என்னும் பம்மாத்து

முதல்லயே சொல்லிடறேன், இது மொக்கைப் பதிவு இல்லை. கொஞ்சம் சூடான பதிவு, நீளமும் ஜாஸ்தி. ஆணி நிறைய இருக்கறவங்க சாயங்காலமா வந்து படிச்சுக்கலாம். :-)

கொஞ்ச காலமா ஒரு கதை சுத்திக்கிட்டே இருக்கு. நம்ம சகபதிவர்களே ரெண்டு மூணு பேர் புல்லரிச்சுப் போய் எழுதிட்டாங்க. கதை இதுதான்: அட்லாண்டிக் நடுவுல அசென்ஷன்னு ஒரு எரிமலைத் தீவு. புல் பூண்டு இல்லாத சாம்பல் மேடு. டார்வின் போய்ப் பார்த்தார், மனசு கேக்கலை. நண்பர் ஹூக்கர்கிட்ட சொல்லி ரகசியமா மரம் நடவெச்சார். இன்னிக்கு மலை உச்சியில மேகக் காடு! ஆகவே மக்களே, மனுசன் நெனச்சா எங்க வேணா காடு பண்ணலாம், செவ்வாய்க் கிரகத்துல கூட.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல பாதி தப்பு. மீதிப் பாதி, சௌகரியத்துக்கு ஏத்த மாதிரி வெட்டி ஒட்டினது. 'போகட்டும், நல்லெண்ணத்துல சொல்றாங்க'ன்னு விட முடியாததுக்கு ஒரு காரணம் இருக்கு. இந்தக் கதையை நம்பினா அடுத்த கேள்வி தானா வந்துடும்: "எங்க வேணா காடு பண்ணலாம்னா, இருக்கற காட்டை வெட்டினா என்ன?" அந்தக் கேள்வியை இப்ப நம்ம நாட்டுல நிஜமாவே கேட்டுட்டு இருக்காங்க. அதுக்குக் கடைசியில வர்றேன்.

தீவு எங்கே இருக்கு?

நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 8 டிகிரி. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து 1,600 கி.மீ. பிரேசிலிலிருந்து 2,250 கி.மீ. பக்கத்து வீடுன்னு சொல்லிக்க இருக்கறது செயின்ட் ஹெலினா தீவு, அதுவே 1,300 கி.மீ. தள்ளி. மொத்தப் பரப்பு 88 சதுர கி.மீ. கடலடியில அட்லாண்டிக் நடுமுகடுன்னு ஒரு நீளமான மலைத்தொடர் ஓடுது இல்லையா, அதுக்குக் கொஞ்சம் மேற்கே கிளம்பின எரிமலையோட தலைதான் இந்தத் தீவு. கண்டத்தோட ஒட்டி இருந்ததே கிடையாது. அதனால அங்கே வந்த ஒவ்வொரு உயிரும் காத்துலயோ கடல்லயோ பறவை காலிலயோ ஒட்டிக்கிட்டு வந்ததுதான்.

வயசு பத்து லட்சம் வருசம். எரிமலைக் கணக்குல இது கைக்குழந்தை. அதனால பெருங்காடு வளர நேரமே கிடைக்கலை. கீழே கருகின எரிமலைக் குழம்புப் பாறை, செம்மண் கூம்புகள். மேலே 859 மீட்டர் உசரத்துல மேகம் முட்டுற ஒரே ஒரு மலை. அதுதான் இப்ப பசுமை மலைன்னு சொல்ற கிரீன் மவுண்டன்.

பொய் நம்பர் 1: அது வெறும் சாம்பல் மேடு

போர்ச்சுகீசியர்கள் 1501-ல இந்தத் தீவைக் கண்டுபிடிச்சாங்க. மனுச வாசமே இல்லாத தீவு. அந்தக் காலத்துக் கப்பல்காரங்க வழக்கப்படி, அடுத்த தடவை வர்றப்ப கறி வேணுமேன்னு ஆடுகளை இறக்கி விட்டாங்க. டார்வின் பீகிள் கப்பல்ல வந்து இறங்கினது 1836-ல. நடுவுல மூணு நூற்றாண்டு. ஆடு மேய்ஞ்ச இடம் எப்படி இருக்கும்னு ஊர்ப்பக்கம் இருந்து வந்தவங்களுக்கு நான் சொல்லணுமா? டார்வின் பார்த்தது கன்னி நிலத்தை இல்லை சாமி, முந்நூறு வருசம் மேய்ஞ்சு தீர்த்த நிலத்தை.

அப்படி மேய்ஞ்சும் மலை உச்சி மொட்டையா இல்லை. சாட்சி யார் தெரியுமா? ஹூக்கரே. 1843-ல அவர் பார்த்தப்ப உச்சியில பெரணிச் செடிகள் கம்பளம் விரிச்ச மாதிரி இருந்திருக்கு. தான் சொன்ன மரம் நடுற திட்டம் அந்தப் பெரணிக் கம்பளத்தையே முடிச்சுடும்னு பிற்பாடு அவரே பயந்து எழுதி வெச்சிருக்கார். திட்டம் போட்டவரே கவலைப்பட்டிருக்கார். நாம இங்கே உக்காந்து கைதட்டிட்டு இருக்கோம்.

தண்ணியும் இருந்தது. 1701-ல டாம்பியரோட ரோபக் கப்பல் இங்கே மூழ்கிப் போச்சு. அவரோட ஆட்கள் மலையில ஊத்து கண்டுபிடிச்சு, ஆட்டையும் ஆமையையும் தின்னு, சில வாரம் தாக்குப்பிடிச்சு, வேற கப்பல்ல ஏறித் தப்பிச்சாங்க. 1725-ல ஹாசன்பாஷ்னு ஒரு டச்சுக்காரரை, ஓரினச்சேர்க்கைக் குத்தம் சாட்டி, அதே தீவுல தனியா இறக்கி விட்டாங்க. அவர் தண்ணிக்குத் தவிச்சு ஆமை ரத்தத்தைக் குடிச்சிருக்கார். அடுத்த வருசம் வந்த கப்பல்காரங்களுக்கு அவரோட டைரி கிடைச்சது. அதே தீவுதான். ஊத்து தெரிஞ்சவன் பொழைச்சான், தெரியாதவன் செத்தான். ஒண்ணுமே இல்லாத இடம்னு சொல்றதுல பாதி, எங்கே பார்க்கணும்னு நமக்குத் தெரியலைங்கறதுதான்.

இந்தத் தீவுல மட்டுமே இருந்த தாவர இனம் 10. அதுல 3 இப்ப உலகத்துலயே இல்லை. பறக்காத ஒரு கானாங்கோழி இருந்தது. பீட்டர் மண்டிங்கற பயணி 1656-ல அதைப் படமே வரைஞ்சு வெச்சிருக்கார். எலி வந்தது, பூனை வந்தது, கோழி போச்சு. செயின்ட் ஹெலினாவுல நெப்போலியனைச் சிறை வெச்சதும், அவரைக் காப்பாத்த யாரும் இந்தப் பக்கம் தளம் போட்டுடக்கூடாதேன்னு 1815-ல பிரிட்டிஷ் கடற்படை இங்கே வந்து குந்திக்கிச்சு. எலித் தொல்லைக்குப் பூனையைக் கொண்டு வந்தாங்க. பூனை என்ன, வேலை ஒப்பந்தம் படிச்சுட்டா வரும்? எலியைத் துரத்துறதை விட, தரையில முட்டை போடுற கடல்பறவையைப் பிடிக்கறது சுலபம்னு அதுக்குப் புரிஞ்சுது. லட்சக்கணக்குல கூடு கட்டின பறவைங்க தீவை விட்டே ஓடி, கரையை ஒட்டின போட்ஸ்வைன் பறவைத் தீவுங்கற சின்னப் பாறைத் தீவுல ஒண்டிக்கிச்சு.

பொய் நம்பர் 2: டார்வினோட ரகசியத் திட்டம்

ஹூக்கர் அசென்ஷனுக்குப் போனது 1843 நடுவுல, அண்டார்க்டிக் பயணத்துலேருந்து திரும்புற வழியில. டார்வினுக்கும் அவருக்கும் கடிதப் போக்குவரத்தும் நெருக்கமும் ஆரம்பிச்சது அந்த வருசக் கடைசியில, அவர் ஊர் திரும்பின பிறகு. மரம் நடலாம்னு ஹூக்கர் யோசனை சொன்னது கடற்படைக்கு. செஞ்சதும் கடற்படைதான், கியூ தாவரவியல் தோட்டத்தோட துணையோட. 1850-லேருந்து வருசா வருசம் கப்பல்ல செடி வந்து இறங்கிச்சு. இதுல ரகசியமும் இல்லை, தரிசன ஞானமும் இல்லை. காவல்படைக்குக் குடிக்கத் தண்ணி வேணும், திங்கக் காய்கறி வேணும். மரம் இருந்தா மழை வரும்னு அந்தக் காலத்து நம்பிக்கை. பக்கா சர்க்கார் வேலை. ஆனா டார்வின் பேர் போட்டாத்தானே நாலு பேர் படிப்பாங்க!

பொய் நம்பர் 3: திட்டம் வெற்றி

இங்கே நியாயமாப் பேசணும். மலை இப்ப நிஜமாவே பச்சை. உச்சியில மூங்கில் காடு, கீழே நார்ஃபோக் பைன், யூகலிப்டஸ், வாழை, இஞ்சி. உலகத்துல வெவ்வேற மூலையிலேருந்து வந்த செடிங்க ஒண்ணா சேர்ந்து, மேகத்துத் தண்ணியைச் சொட்டுச் சொட்டா இறக்குது. ஒண்ணோட ஒண்ணு கோடிக்கணக்கான வருசம் பழகாத இனங்களும் இப்படிப் பொருந்திப் போகலாம்னு டேவிட் வில்கின்சன்கிற சூழலியலாளர் 2004-ல ஒரு கட்டுரை எழுதினார். சுவாரசியமான அறிவியல் கேள்வி. அதுல எனக்குச் சண்டை இல்லை. இந்த மலையை வெச்சு அவ்வளவு பெரிய நீதிக்கதை சொல்லாதீங்கன்னு அதே ஆண்டு அதே இதழ்ல ஆலன் கிரே பதில் எழுதினதையும் சேர்த்துப் படிங்கன்னுதான் சொல்றேன். முதல் கட்டுரையை மட்டும் ஊர் பூரா அனுப்புறாங்க, ரெண்டாவதை ஒருத்தரும் அனுப்பறதில்லை.

வெற்றின்னா எதை வெச்சு அளக்கறது? தண்ணிக்காகத்தானே ஆரம்பிச்சாங்க? இன்னிக்கு அசென்ஷன்ல குழாயில வர்றது கடல் தண்ணியை உப்பு நீக்கின தண்ணி. மேகக் காடு இருக்கு, குடிக்கறது கடல் தண்ணி. நான் பொட்டி தட்டுற தொழில்ல இப்படி ஒரு புராஜெக்ட் முடிஞ்சா, கேட்ட அம்சம் கிடைக்கலை, ஆனா ஸ்கிரீன் நல்ல கலர்னு சொல்வாங்க.

அடுத்தது, கொண்டு வந்ததுல எது நல்லா வளர்ந்ததுன்னு பாருங்க. தீவுல இப்ப வந்தேறித் தாவரம் 200 வகைக்கு மேல. அதுல அழகுக்கு வெச்ச ஒரு பெரணி, தீவோட சொந்தப் பெரணி வளர்ற ஈரப் பாறை இடுக்கைப் பிடிச்சுக்கிச்சு. பூச்சியைத் தின்னும்னு நம்ம ஊர் மைனாவைக் கொண்டு போனாங்க. ஆமாம், நம்ம வீட்டுக் கொல்லையில சண்டை போடுமே, அதே மைனாதான். அது அங்கே ஆலாப் பறவையோட முட்டையை உடைச்சுத் திங்குது.

இப்ப முக்கியமான ஆளுக்கு வர்றேன். 1960-களில் தீவுல டூ போட்ஸ்னு ஒரு குடியிருப்பு கட்டினாங்க. அந்தக் காலத்துல, வறட்சி தாங்கும், மண்ணைப் பிடிக்கும்னு ஒரு முள்மரத்தைக் கொண்டு வந்தாங்க. அங்கே அதுக்குப் பேரு மெக்சிகன் முள். தாவரவியல் பேரு புரோசோபிஸ் ஜுலிஃப்ளோரா. இன்னும் புரியலையா? சீமைக்கருவேலம்ணே, சீமைக்கருவேலம்!

ராமநாதபுரத்துக்காரங்களுக்கு இதுக்கு மேல நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே ஆடு தின்னு சாணியில விதையைப் பரப்புற மாதிரி, அசென்ஷன்ல கழுதையும் செம்மறியும் பரப்புது. கீழ் நிலத்துல வெறும் பாறையா இருந்த இடமெல்லாம் முள்ளு. ஆமை முட்டை போடுற மணற்கரை வரைக்கும் வேர் விட்டு வந்துடுச்சு. வெட்டினா அடியிலேருந்து துளிர்க்குது. நம்மூர்ல நடந்த அதே சினிமா, வேற தியேட்டர். இந்தியாவுக்கு இது 1877 வாக்குல கடப்பா பக்கம் வனத்துறை மூலமா வந்தது. வறண்ட நிலத்தைப் பச்சையாக்கணும்கற அதே நல்ல எண்ணம்தான். பச்சையாவும் ஆச்சு. சாட்டிலைட் படத்துல பார்த்தா ராமநாதபுரம் கூடப் பசுமை மாவட்டம்தான்!

'அசென்ஷன் மலையில மரம் நட்டது மாபெரும் வெற்றி'ன்னு சொல்ற ஒருத்தரும் 'அசென்ஷன் கரையில மரம் நட்டது மாபெரும் வெற்றி'ன்னு சொல்றதில்லை. அதே தீவு, அதே யோசனை. பிடிச்ச பாதியை மட்டும் ஃப்ரேம் போட்டு மாட்டிக்கிறாங்க.

அப்ப நிஜமான வெற்றி எது?

இந்தத் தீவுக்கு ஒரு வெற்றிக்கதை உண்டு. அதுல டார்வின் இல்லை, அதனால யாரும் ஃபார்வர்டு பண்றதில்லை.

பூனையை ஒழிச்ச கதை. 2002-லேருந்து 2004 வரைக்கும் பிரிட்டிஷ் பறவைப் பாதுகாப்புச் சங்கம் முன்ன நின்னு காட்டுப்பூனைகளைப் பிடிச்சாங்க. ரெண்டு வருசம் காத்திருந்து, மிச்சம் ஒண்ணும் இல்லைன்னு உறுதி பண்ணி, 2006-ல அறிவிச்சாங்க. சுத்தபத்தமான கதை இல்லை இது. வைச்ச விஷத்துலயும் பொறியிலயும் வீட்டுப் பூனைகளும் மூணுல ஒண்ணுக்கு மேல போயிடுச்சு. ஊர்க்காரங்க கொதிச்சுப் போனாங்க, அவங்க கோபம் நியாயமானதும் கூட. ஆனா பலன்? உலகத்துல இந்த ஒரு தீவுல மட்டுமே குஞ்சு பொரிக்கிற அசென்ஷன் ஃப்ரிகேட் பறவை, பாறைத் தீவுல ஒண்டிக்கிட்டு இருந்தது, 2012-ல பெரிய தீவுல மறுபடி கூடு கட்டிச்சு. நூத்தைம்பது வருசத்துக்கு மேல ஆகி வீடு திரும்பின பறவை. எனக்கு இதைவிடப் புல்லரிக்கற விசயம் மேகக் காட்டுல இல்லை.

ஆமைக் கதை. பச்சைக் கடலாமைங்க பிரேசில் கரையில மேய்ஞ்சுட்டு 2,000 கி.மீ.க்கு மேல நீந்தி இங்கே முட்டை போட வருது. கடற்படை அதை சூப்புக்காகக் குளத்துல கட்டி வெச்சு, கப்பல் கப்பலா ஏத்தி அனுப்பிச்சு. அந்தத் தொழில் நின்னுச்சு. பிறகு யாரும் ஒண்ணும் நடலை, கட்டலை, சும்மா விட்டாங்க. 1970-களோட கடைசியிலேருந்து 2013-க்குள்ள முட்டைக்கூடுகள் கிட்டத்தட்ட ஆறு மடங்கு ஆச்சு.

பெரணிக் கதை. அசென்ஷன் கொத்தமல்லிப் பெரணின்னு விரல் நீளச் செடி. 2003-ல அழிஞ்சு போச்சுன்னு எழுதிட்டாங்க. சில வருசம் கழிச்சு ஸ்டெட்சன் ஸ்ட்ரௌட்ங்கற பாதுகாப்பு அதிகாரியும் ஃபில் லாம்ப்டன்ங்கற தாவரவியலாளரும் மலைச் சரிவுல நாலே நாலு செடியைக் கண்டுபிடிச்சாங்க. கயிறு கட்டி இறங்கித் தண்ணி ஊத்திக் காப்பாத்தி, விதைத்துகளை விமானத்துல லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பி வளர்த்தாங்க. முன்ன கியூவிலேருந்து செடி வந்து இதை நெருக்கிச்சு. இப்ப அதே கியூ இதைக் காப்பாத்துது. கடன் அடைக்கிறாங்கன்னு வெச்சுக்கலாம்.

2005-ல பசுமை மலை தேசியப் பூங்கா ஆச்சு. 2019-ல தீவைச் சுத்தி 4,40,000 சதுர கி.மீ.க்கு மேல கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதின்னு அறிவிச்சு, வணிக மீன்பிடியை நிறுத்தினாங்க.

கவனிச்சீங்களா? இந்த வெற்றி எல்லாமே சேர்த்ததால வந்தது இல்லை. தப்பா சேர்த்ததை எடுத்ததால, இல்லாட்டி கையை எடுத்துட்டதால வந்தது.

அப்ப மூங்கில் காட்டை வெட்டிடலாமா?

"அப்ப எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுடலாம்"னு எதிர்க்கட்சி ஒண்ணு கிளம்பும். அவங்களுக்கும் ஒரு வார்த்தை. வேண்டாம். தீவோட சொந்தக் குட்டிப் பெரணி ஒண்ணு, இன்னிக்கு அந்த வந்தேறி மரங்களோட பாசி பிடிச்ச தண்டுலயே ஒட்டி வாழுது. பழைய வீடு போச்சு, வாடகை வீடுதான் இப்ப வீடு. பதினஞ்சு வருசப் பழைய கோடை நம்மகிட்டக் கொடுத்தா என்ன பண்ணுவோம்? எழுதினவனைத் திட்டுவோம், ஆனா டிலீட் பண்ண மாட்டோம், ஏன்னா எது எதுல தொங்குதுன்னு தெரியாது. கெடுதல் பண்ற இடத்தை மட்டும் பார்த்துப் பார்த்து மாத்துவோம். முள்ளை எடு, கரையைக் காப்பாத்து, பெரணிக்கு இடம் விட்டு மத்ததைக் கழி. பாதுகாப்புங்கறது இந்த மாதிரி போரடிக்கற, வருசக்கணக்குப் பராமரிப்பு வேலை. தலைப்புச் செய்தி வராது.

ஆனா பழைய கோடை ஓட்டிட்டு இருக்கோம்ங்கறதுக்காக அதைப் பாடப்புத்தகத்துல மாதிரியா போட மாட்டோம் இல்லையா? என் சண்டை அந்தக் காட்டோட இல்லை. அதைப் பாடமா போடறவங்களோட.

நமக்கு என்ன வந்தது?

நிறைய. நீலகிரியில சோலையைச் சுத்தி இருந்த புல்வெளியை, மரம் இல்லைங்கற ஒரே காரணத்துக்காக வீண் நிலம்னு சொல்லி, ஆஸ்திரேலிய வாட்டில், யூகலிப்டஸ் நட்டாங்க. ஹூக்கர் காலத்துல ஆரம்பிச்ச வேலை, சுதந்திரத்துக்கு அப்புறமும் தொடர்ந்துச்சு. மழைத் தண்ணியைப் பிடிச்சு வெச்சு ஓடை ஓடையா விட்ட புல்வெளி அது. இப்ப வாட்டிலைப் பிடுங்கச் செலவு பண்றோம்.

இதைவிடப் பெரிசு, கிரேட் நிக்கோபார். 2022-ல அங்கே துறைமுகம், விமானநிலையம், நகரம், மின்நிலையம்னு ஒரு திட்டத்துக்கு அனுமதி கொடுத்தாங்க. அதுக்காக எடுக்கற காடு சுமார் 130 சதுர கி.மீ. அசென்ஷன் தீவு மொத்தமே 88-தான், நினைவிருக்கட்டும். கலத்தியா விரிகுடாவுல தோல்முதுகு ஆமை முட்டை போடுது. ஷோம்பென் மக்கள் அந்தக் காட்டுலயே வாழறாங்க. இந்தக் காட்டுக்கு ஈடா மரம் நடப் போறதா சொன்ன இடம் எது தெரியுமா? ஹரியானா! கடல் தாண்டி, நாட்டோட இன்னொரு கோடியில.

சிரிக்காதீங்க. அசென்ஷன் கதையைக் கேட்டுப் புல்லரிச்ச மனசுக்கு இது சரியாத்தான் படும். மரம்னா மரம். இங்கே இல்லைன்னா அங்கே. ஒரு லட்சம் போனா ரெண்டு லட்சம் வெச்சுக்கலாம். எந்த மரம், யாரோட இருந்தது, எந்த நண்டு அதுக்கடியில வளை தோண்டிச்சு, எந்தப் பறவை பழம் தின்னு விதை போட்டுச்சு, எந்த மனுசன் அதை வீடுன்னு சொன்னான் – ஒண்ணும் கணக்குல வராது. எண்ணிக்கை மட்டும் வரும்.

பத்து லட்ச வருசத்துல ஒரு தீவுக்குக் காத்தும் கடலும் கொண்டு வந்து சேர்த்தது பத்தே பத்து சொந்தத் தாவரம். அதுல மூணை நாம தொலைச்சோம். இருநூறைக் கொண்டு போய்க் கொட்டினோம். 'பத்து இருந்தது, இப்ப இருநூத்தி ஏழு, லாபம்தானே?'ன்னு கேக்கற கணக்குப்பிள்ளை கையிலதான் இப்ப நிக்கோபார் ஃபைலும் இருக்கு.

அடுத்த தடவை பசுமை மலைப் படம் உங்க கைக்கு வந்தா, அழகா இருக்குன்னு சொல்லுங்க, தப்பே இல்லை. கூடவே கரையில நிக்கற சீமைக்கருவேலத்தையும் ஒரு படம் சேர்த்து அனுப்புங்க.

டிஸ்கி: மரம் நடறவங்களுக்கு எதிரான பதிவு இல்லை இது. நடுங்க, தாராளமா நடுங்க. நடறதுக்கு முன்னாடி அந்த இடத்துல ஏற்கெனவே என்ன இருக்குன்னு குனிஞ்சு ஒரு தடவை பார்த்துட்டு நடுங்க. திட்டணும்னா வாங்க, ஆட்டோ மட்டும் அனுப்பாதீங்க. :-)